பழக்கியவர்: பார்லர் அக்கா

ஹேர் ட்ரையரைப் பார்த்ததும் முதலில் சிரித்தவர் பஸ் டிரைவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ரிமோட் கார் கிளப்பின் மண் தடத்தை ஒட்டித் தகரக் கூரை. அதன் கீழே நீளமாக ஒரு மேஜை. பார்லர் அக்கா தன் பையை அதன் மேல் கவிழ்த்தாள். ஹேர் ட்ரையர், அலுமினியத் தாள், சூடு பார்க்கும் துப்பாக்கி, சிவப்பு நகப்பூச்சு, கடைசியாக இன்னும் பிரிக்காத ஒரு சின்னப் பெட்டி.

"என்னக்கா, காருக்கு முடி வெட்டப் போறீங்களா?"

"உன் தலையில வெட்ட ஒண்ணும் மிச்சமில்ல. அதான் காரைப் பிடிச்சிட்டேன்."

மேஜையே சிரித்தது. பஸ் டிரைவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். ஆனால் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கண் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. அதற்குள் இருப்பது புது எஞ்சின் என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரியும்.

கிளப்பில் யார் புது எஞ்சின் வாங்கினாலும் அது முதலில் மேஸ்திரியின் கைக்குத்தான் போகும். வாரத்தில் ஆறு நாள் இருசக்கர வண்டி ஒர்க்‌ஷாப், ஏழாவது நாள் இந்த மேஜை. எஞ்சினை ஒரு ஸ்டாண்டில் முடுக்கி, எரிபொருளைத் தாராளமாகத் திறந்துவிட்டு, உள்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பழக, நான்கு டேங்க் தீரும்வரை மெதுவாக ஓடவிடுவார். காலை முழுக்கப் புகை மண்டும். மதியம் சாம்பல் நிறத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "பழகிடுச்சு, எடுத்துட்டுப் போ" என்பார். பிறகு கிளப்பின் பதிவேட்டில் எஞ்சின் எண்ணுக்கு எதிரே, 'பழக்கியவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் வேறு கையெழுத்து விழுந்ததில்லை.

"குடும்மா," என்று கையை நீட்டினார்.

"இல்லண்ணே. இந்தத் தடவை நானே பழக்கிக்கறேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"எதை வெச்சு? இதை வெச்சா?" ட்ரையரை ஒரு விரலால் தள்ளினார், செத்த எலியைத் தள்ளுவதுபோல.

"இதை வெச்சுதான்."

விஷயம் இதுதான். அக்காவின் முதல் எஞ்சினைப் போன வருடம் மேஸ்திரிதான் பழக்கினார். நான்கே மாதத்தில் அது படுத்துவிட்டது. குளிர்ந்திருந்தால் கிளம்பும், சூடு ஏறினால் மூச்சு வாங்கும், ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பாது. மாவட்டப் போட்டியின் நடுவே தடத்தில் அது நின்றபோது, கிளப் முழுவதும் கேட்கும்படி மேஸ்திரி சொன்னார்: "நல்ல எஞ்சின்யா. கைதான் சரியில்ல." அந்த ஒரு வரி அக்காவின் முதுகில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டது. அவள் தடத்தில் இறங்கினாலே யாராவது ஒருவர், "பாத்து ஓட்டுக்கா, எஞ்சின் பாவம்" என்பார்கள்.

ஒரு வாரம் வரை அவளும் அதை நம்பினாள். அப்புறம் ஒரு மதியம், பார்லரில் கூட்டம் இல்லாத நேரத்தில், செத்த எஞ்சினைப் பிரித்துப் புருவம் திருத்தும் மேஜையில் பரப்பிவைத்தாள். பெட்டியில் வந்த குறிப்புத் தாளை அன்றைக்குத்தான் முழுக்கப் படித்தாள்.

அதில் எழுதியிருந்தது சுலபம்தான். சிலிண்டருக்குள் இருக்கும் பித்தளைக் குழாய் மேலே போகப் போக மயிரிழை அளவு குறுகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அந்த உச்சியில் போய் இறுகும். சூடானால் குழாய் விரியும், இரண்டும் அளவாகப் பொருந்தும். அப்படியானால் புது எஞ்சினைச் சூடேற்றித்தான் ஓட்ட வேண்டும். குளிரக் குளிர ஓட்டினால் அந்த இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்துகொண்டே போகும். எரிபொருளை வெள்ளமாக விட்டு, மெதுவாக ஓடவிட்டு, எஞ்சினைச் சூடாகவே விடாமல் நான்கு டேங்க்! பிஸ்டனை எடுத்துக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தாள். உச்சிவரை தடையே இல்லாமல், வளையலுக்குள் விரல் போவதுபோலப் போனது.

'அப்போ என் கை இல்ல,' என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

இதையெல்லாம் அவள் மேஜையருகே நின்று சொல்லி முடிப்பதற்குள் மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தாள் எழுதினவன் கையில என்னைக்காவது கிரீஸ் பட்டிருக்குமா? நான் எத்தனை எஞ்சின் பாத்திருப்பேன்! அதுல பாதி இன்னும் ஓடுது."

"மீதிப் பாதி எங்கண்ணே போச்சு?"

யாரோ இருமினார்கள். சிரிப்பை விழுங்குகிற இருமல். கிளப் தலைவர் எழுந்து வந்தார். அச்சகம் நடத்துபவர்; எதையும் அச்சேறுவதற்கு முன் இரண்டு முறை திருத்திப் பழக்கப்பட்டவர்.

"ரெண்டு வாரத்துல தேர்வு ஓட்டம் இருக்கும்மா. கிளப்புகளுக்கு நடுவுல நடக்கற போட்டிக்கு டீம் எடுக்கணும். இப்போ எதுக்கு வம்பு? மேஸ்திரி கையால ஆகட்டுமே."

"அப்படித்தான் ஆகணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. வழக்கம்."

"அப்போ நான் எதையும் மீறல."

தலைவர் காதைச் சொறிந்தார். கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பு: கிளப் மேஜையில் கூடாது, வேறு எங்கே வேண்டுமானாலும் பழக்கிக்கொள்ளட்டும், தேர்வு ஓட்டத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் டீமில் இடம் உண்டா என்று பார்க்கலாம்.

"நின்னுச்சுன்னா," என்று மேஸ்திரி குறுக்கே விழுந்தார், "கோளாறு எஞ்சின்ல இல்ல, என் கையிலதான்னு எல்லார் முன்னாடியும் நீயே சொல்லணும். சொல்லிட்டு டீம் பக்கமே வரக்கூடாது."

"சொல்றேன். ஓடிச்சுன்னா?"

"ஓடாது."

"அது பதில் இல்லண்ணே," என்று சொல்லி, பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள்.

*

பார்லருக்குப் பின்னால் ஒரு சந்து. வண்டி நுழையாது, குப்பைத் தொட்டிகளும் மின்பெட்டியும் மட்டும். இரண்டு காலி ஷாம்பு கேன்களை இடைவெளி விட்டு வைத்தால் நடுவே முழங்கை நீளக் கார் எட்டு போடலாம். அக்கா அங்கேதான் தொடங்கினாள்.

எஞ்சின் தலையில் அலுமினியத் தாளைச் சுற்றி, ட்ரையரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்க வேண்டும். சூடு பார்க்கும் துப்பாக்கி எண்பது டிகிரி காட்டியதும் முடுக்க வேண்டும். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் ஆகாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த, தித்திப்பாக மூக்கில் ஏறுகிற ஒரு கலவைதான் அதற்குச் சாப்பாடு. அதைக் கொஞ்சம் தாராளமாக விடலாம், மூழ்கடிக்கக் கூடாது. சூடு தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகாமல், நூற்றைந்தைத் தாண்டாமல், வேகத்தை ஏற்றி இறக்கி மூன்று நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு நிறுத்தி, பிஸ்டனைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து, ஆறவிட வேண்டும். மேலே இறுக்கத்தில் விட்டு ஆறினால் குழாய் சுருங்கிக் கவ்விவிடும். அதற்காகவே சுழல் சக்கரத்தில் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டு மேலே வந்தால் பிஸ்டன் கீழே.

ஓட்டுவது மூன்று நிமிடம், ஆறுவது அரை மணி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. வேறு யாருக்காவது இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அக்காவுக்கோ பிழைப்பே அதுதான். தலைக்குச் சாயம் பூசினால் அது ஊற அரை மணி. அந்த அரை மணியில் எஞ்சின் ஆறும். தலையை அலசிக் காயவைத்து அனுப்பிவிட்டு, அதே ட்ரையரோடு பின்கதவைத் திறந்தால் அடுத்த சுற்று.

சுவருக்கு அந்தப்பக்கம் கொர்ரென்று ரீங்காரம் கேட்டால் வாடிக்கையாளர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு விசாரித்தார்கள், மூன்றாம் நாள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாடி வீட்டுக்காரர் மட்டும் ஜன்னலைத் திறந்து, "இது பார்லரா, பட்டறையா?" என்று கத்தினார்.

"உங்க மிக்சி காலைல அஞ்சரைக்கு ஓடுதே, நான் ஏதாவது கேட்டேனா சார்?"

ஜன்னல் மூடிக்கொண்டது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் நாள் சாயங்காலமே சந்தில் வந்து நின்று பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை பிடிவாதம் வேணுமா? அந்தாளு ஒரு கையெழுத்துதானே கேக்கறாரு."

"கையெழுத்துக் கேக்கலைங்க. என் கையைக் கேக்கறாரு."

அவர் குனிந்து எரிபொருள் பாட்டிலைப் பார்த்தார். அப்புறம், "இருபது நிமிஷம்னா நடுவுல ரெண்டு தடவை எரிபொருள் ஊத்தணும். யார் ஊத்தறா?" என்றார்.

"நீங்கதான்."

"அப்போ பாட்டிலைக் குடு, கையைப் பழக்கிக்கறேன்."

ஏழாவது சுற்றில் அந்தத் தப்பு நடந்தது. நாற்காலியில் கணக்கு டீச்சர், தலை முழுக்கச் சாயம். சந்தில் கார் எட்டு போட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து டீச்சர், "ஐயோ, கண்ணுல வழியுது!" என்று அலறினார். அக்கா புகைக்குழாயைத் துணியால் அடைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். பொட்டைப் பார்க்கவில்லை.

கண்ணைக் கழுவிவிட்டு, தலையை அலசித் துண்டு கட்டிவிட்டு, அரை மணி கழித்து வந்து சக்கரத்தைத் திருப்பினால் அசையவில்லை. கவ்விவிட்டது.

 அக்காவின் கை தானாக ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது. நெம்பினால் விடுபடும். ஆனால் உள்ளே எது கீறும், எது வளையும் என்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை அந்த ஆள் சொன்னது சரிதானோ, என் கையே இப்படித்தானோ என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்த வேகத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குப்பைத் தொட்டியின் மூடிமேல் ணங்கென்று வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" டீச்சர் துண்டுத் தலையோடு பின்கதவில் நின்றார்.

"என் தப்பு. பாக்காம நிறுத்திட்டேன்."

"சரியாகுமா?"

"தெரியல. சூடு காட்டிப் பாக்கறேன். உங்க முடி கொஞ்ச நேரம் ஈரமா இருந்தாப் பரவாயில்லயா? ஒரு ட்ரையர்தான் இருக்கு."

"என் முடி எங்க ஓடிடப் போகுது? நீ அதைப் பாரு," என்று டீச்சர் குந்தி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒன்பது நிமிடம். விரலால் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திடீரென்று சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. டீச்சர் கைதட்டினார். அக்கா தட்டவில்லை. உள்ளே கீறல் விழுந்ததா இல்லையா என்று பிரித்தால்தான் தெரியும். பாதியில் பிரிக்கக் கூடாது. மீதிச் சுற்றுகளை அந்தச் சந்தேகத்தோடேயே ஓட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் திருகைக் கடுகளவு இறுக்கிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது முடிந்தபோது எஞ்சினின் சத்தம் மாறியிருந்தது. கரகரப்புப் போய், ஒரே நூலாக இழுத்துக்கொண்டு போனது.

*

தேர்வு ஓட்டத்துக்கு ஒன்பது கார்கள். விதி இரண்டே இரண்டு: இருபது நிமிடம் எஞ்சின் நிற்காமல் ஓட வேண்டும், ஓடி முடித்தவர்களில் முதல் ஆறு பேர் டீம். ஐந்து பேருக்குக் குறைந்தால் போட்டிக்கே பெயர் கொடுக்க முடியாது.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மேஸ்திரி தடத்தின் வேலியில் சாய்ந்து, அக்காவின் கார் தாண்டும்போதெல்லாம் காதைத் திருப்பினார். தடத்தின் ஓரத்து மேடையில் ரிமோட்டோடு நின்ற அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது புகையை மட்டும். பின்னால் நூல்போல நீல வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கார் சக்கரம் கழன்று ஒதுங்கியது. ஏழாவது நிமிடத்தில் கணவர் முதல் தடவை எரிபொருள் ஊற்றினார். மூடியைத் திறந்து, பாட்டிலை அமுக்கி, மூடி, தள்ளிவிட மூன்று நொடி. லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்கிற கை அது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பதினோராவது நிமிடத்தில் பஸ் டிரைவரின் எஞ்சின் சூடேறி நின்றது. "போச்சுடா!" என்று ரிமோட்டைத் தொடையில் அடித்துக்கொண்டார். பன்னிரண்டில் இன்னொன்று. இரண்டும் மேஸ்திரி பழக்கியவை. வேலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

பதினான்காவது நிமிடம் அக்காவின் காரில் புகை மெலிந்தது. நேர்ப்பாதையின் கோடியில் எஞ்சின் கீச்சென்று உயரக் கத்தியது. வெயிலுக்கு எரிபொருள் போதவில்லை.

"இப்போ பாருங்க," என்று மேஸ்திரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. "இன்னும் ரெண்டு சுத்து. அவ்ளோதான்."

அந்த நேரத்தில் அக்கா இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தால் இடம் போகும். வராவிட்டால் எஞ்சினே போகும். அவள் வேகத்தைக் குறைத்துக் காரை உள்ளே கொண்டுவந்தாள்.

"ஊத்துங்க! அப்படியே திருகை இடப்பக்கம் கொஞ்சம். எட்டுல ஒரு பங்கு!"

"எட்டுல ஒண்ணா?"

"ஆமாங்க! கடிகாரத்துல ஏழு நிமிஷம் மாதிரி!"

அவர் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருகினார். பன்னிரண்டு நொடி போயிற்று. இரண்டு கார்கள் தாண்டிப் போயின. கார் மறுபடி தடத்தில் இறங்கியபோது பின்னால் புகை நூல் திரும்ப வந்திருந்தது. பதினேழாவது நிமிடத்தில் இன்னொரு கார் நின்றது. அக்கா நான்காவதாக முடித்தாள். ஓடி முடித்தவை மொத்தமே ஐந்து.

பஸ் டிரைவர்தான் முதலில் விசிலடித்தார். மேஸ்திரி நேராக வந்து, "அதிர்ஷ்டம். இப்பவே உள்ள தொளதொளன்னு ஆகியிருக்கும்," என்றார்.

"ஆறட்டும், நீங்களே திருப்பிப் பாருங்க."

ஒன்பது பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எஞ்சின் ஆறியதும் மேஸ்திரி சக்கரத்தில் கட்டைவிரலை வைத்துத் திருப்பினார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. அழுத்தினார். நகம் வெளுத்தது. டிக் என்று உச்சியைத் தாண்டிச் சுற்றியது. இன்னொரு முறை. மறுபடி டிக். இறுக்கம் அப்படியே இருந்தது. அவர் கையை எடுத்துச் சாம்பல் நிறத் துணியில் துடைத்தார். துடைக்கக் கையில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

தலைவர் பதிவேட்டைக் கொண்டுவந்தார். குரலை இறக்கி, அக்காவிடம் மட்டும் பேசுவதுபோலப் பேசினார்.

"நல்லா ஓட்டின. உன் இடம் உனக்கு. ஒரே ஒரு விஷயம். இந்தக் கட்டத்துல மேஸ்திரியே போட்டுடட்டும். ஒன்பது வருஷ வழக்கம். பெரிய மனுஷன், மனசு கஷ்டப்படக் கூடாது. உனக்கு என்ன குறையப் போகுது?"

"என் மனசு ஒரு வருஷமாக் கஷ்டப்பட்டப்போ யாரும் இப்படி மெதுவாப் பேசலையே சார்."

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். எஞ்சின் எண்ணுக்கு எதிரே, 'பழக்கியவர்' கட்டத்தில், பார்லர் ரசீதில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டாள். கட்டத்தைத் தாண்டி அது கொஞ்சம் வெளியே நீண்டது.

"இப்படிப் பண்ணா உன் பேரைப் பட்டியல்ல எப்படிம்மா சேக்கறது?"

"சேக்காதீங்க. நாலு பேரை அனுப்புங்க."

தலைவர் வாயைத் திறந்தார், எண்ணினார், மூடினார். நான்கு பேரோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுற்றி நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ் டிரைவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "போட்ட கையெழுத்து போட்டதுதான் தலைவரே. அடுத்த எஞ்சினுக்கு நானும் இப்படித்தான்." தலைவர் பதிவேட்டை மூடினார். அக்காவின் கையெழுத்தை அடித்துவிடவில்லை.

அக்கா காரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எந்தச் சூட்டுல வெச்சு ஓட்டின?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று தெரியாமல் இல்லை.

"சொல்றேண்ணே. போன வருஷம் எல்லார் முன்னாடியும் என் கை சரியில்லன்னீங்க. அதை எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கங்க. அப்புறம் ஒவ்வொரு சுத்தையும் சொல்றேன்."

 மேஸ்திரி துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வேலை கிடக்கு," என்று தன் கோடிக்குத் திரும்பிப் போனார்.

"சரி," என்றாள் அக்கா அவர் முதுகைப் பார்த்து. "போட்டி முடிஞ்சாலும் நான் இங்கதான் இருப்பேன்."